பிரேக் அக்காவின் கால்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பின்னால் எல்லோரும் சொல்லும் பெயர் பிரேக் அக்கா. முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் போதும், அக்காவின் கால் அந்தப் பிரேக்கில் இறங்கிவிடும். வண்டி நடுத்தெருவில் நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டான். அவன் கத்திவிட்டுப் போகட்டும் என்று அக்கா சாவகாசமாகத் திரும்பி, "கண்ணு எதுக்கு இருக்கு? மூக்குக்கண்ணாடி மாட்டவா?" என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்தால் லேசில் முடியாது.

அவளிடம் திட்டு வாங்காதவர் அந்த வட்டாரத்தில் இல்லை. டாக்டர் வாங்கியிருக்கிறார், போலீஸ்காரரின் மனைவி வாங்கியிருக்கிறாள். ஓனரிடம் வாரம் தவறாமல் புகார் வரும். ஆனாலும் வாசல் பெஞ்சில் அக்காவின் வண்டிக்காக யாராவது காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். காரணம் ஒரு சின்ன விஷயம். ஒருவர் நன்றாக ஓட்டினால் அக்கா பாராட்டமாட்டாள், அந்த வழக்கமே அவளிடம் இல்லை. இனி இந்த ஆளை நம்பலாம் என்று மனதில் பட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டில் மடக்கி உட்கார்ந்துகொள்வாள். பிரேக்குக்கு எட்டாத தூரத்தில். அவ்வளவுதான் பரிசு. அதற்காக வளர்ந்த ஆண்கள் ஏங்கினார்கள்.

அப்படி மடக்குவது அவளுக்குச் சுலபமும் இல்லை. முன்பு ஒரு தையல் கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவள். முந்தின நாள் லைசென்ஸ் வாங்கிய ஒருவன் வேகமாக வந்து இடித்ததில் இடது முழங்காலுக்குள் தகடு வைக்க வேண்டியதாயிற்று. நாள் முழுக்கக் கிளட்ச் மிதிக்கிற வேலை அதோடு முடிந்தது. இடித்தவன் நல்லவன். ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து கட்டில் ஓரம் தலைகுனிந்து நின்றான். எவன்டா உனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டாள். "ரொம்பத் தங்கமான மனுஷன் அக்கா. ஒரு தடவைகூட என்னைத் திட்டினதே இல்ல" என்றான். பழத்தை அவன் தலையிலேயே போடலாமா என்று இருந்தது அவளுக்கு. காலில் கட்டு இருந்ததால் தப்பித்தான். அன்றைக்கு மூண்ட கோபம் இன்னும் அணையவில்லை. கொஞ்சம் சிரிச்சுப் பேசினாத்தான் என்னம்மா என்று மகள் கேட்பாள். சிரிக்கிறதுக்கு வேறு ஆள் இருக்கு என்பாள் அக்கா.

வேறு ஆள் உண்மையிலேயே இருந்தான். பள்ளியின் இன்னொரு வாத்தியார். அக்கா அவனுக்கு வைத்த பெயர் மிட்டாய். வண்டியில் ஏறியதும், "சூப்பர் மேடம், உங்களுக்குக் கூடவே பொறந்த மாதிரி வருது" என்பான். அவன் வித்தை வேறொன்றும் இல்லை. ஓட்டுகிறவரை ஸ்டியரிங்கைப் பிடிக்கவிட்டு, கிளட்சையும் பிரேக்கையும் தன் பக்கத்திலிருந்து தானே மிதித்துக்கொள்வான். ஏமாந்த சனம் தானே ஓட்டுவதாக நினைத்துப் பூரித்துப்போகும். அக்கா இதை ஓனரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். வர்றவங்க சந்தோஷமாப் போறாங்க, உங்களுக்கு என்ன வலிக்குது என்று கேட்டார் அவர். முழங்கால் வலிக்குது என்றாள் அக்கா.

இந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரி வந்து சேர்ந்தாள். புருஷன் அடுப்பைவிட்டு நகர முடியாது. ரொட்டியைக் கடைகடையாகக் கொண்டுபோகும் வேன் கொழுந்தன் கையில். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தால் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். சுட்ட ரொட்டி தட்டிலேயே காயும். தானே ஓட்டிவிட வேண்டும் என்று வீம்பாக வந்தவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பின்னால் உருண்டது. மாவு பிசையுற மாதிரி ஸ்டியரிங்கைப் பிசையாத, காலைக் கவனி என்று அக்கா ஒருநாள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பேக்கரிக்காரி அழுதுகொண்டே போய் ஓனரிடம் நின்றாள். மறுநாளே மிட்டாயின் வண்டிக்கு மாறினாள். சீக்கிரமே டெஸ்டுக்குத் தேதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார் ஓனர்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. தன் வண்டியைவிட்டு அவள் போனதற்காக இல்லை. இந்தப் பெண் கூடிய சீக்கிரம் யாரையாவது இடிப்பாள், அன்றைக்கும் மிட்டாயைத் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வாள் என்று நினைத்துத்தான் எரிந்தது.

டெஸ்டுக்கு முந்தின நாள். பள்ளி இருக்கும் தெருவே ஒரு மேடு. மிட்டாய் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, டீ குடிக்க இறங்கிக்கொண்டான். நீங்களே மேல கொண்டுபோய் நிறுத்துங்க மேடம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். அக்கா ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பின்னால் உருண்டது. பின்னால் ஒரு பெண் இரண்டு கையிலும் பையோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். அக்காவின் வலது கால் ஆபீஸ் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் தரைதான். ஒரு நொடி அது அவளுக்கு உறைக்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள்.

பையோடு வந்தவள் எகிறிக் குதித்ததால் பிழைத்தாள். வண்டி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. தக்காளி தெருவெல்லாம் ஓடியது. பேக்கரிக்காரியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தார் அக்காவின் வண்டிக்காக அங்கே காத்திருந்த சலூன்காரர். மிட்டாய் டீ கிளாஸோடு வாசலில் நின்றான்.

பின் லைட்டுதானே போச்சு, மாத்திக்கலாம் என்றார் ஓனர். நாளைக்கு டெஸ்ட் சமதரையில்தான், பாஸ் ஆகிவிடுவாங்க என்றும் சொன்னார்.

அக்கா ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்தாள். "டெஸ்ட் சமதரைல நடக்கும். இவ ரொட்டி கொண்டுபோற தெருவெல்லாம் மேடு. அங்க யாரு சார் கம்பம் நட்டு வைப்பா? நீங்களா, இவனா?"

"உங்க வாயாலதான் இவங்களே உங்களை விட்டு ஓடினாங்க. அடக்க முடியலன்னா நாளைலேர்ந்து வராதீங்க."

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். தகடு வைத்த முழங்காலுக்கு வேறு எவனும் வேலை தரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. இந்த ஓனர் பயப்படவைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பெஞ்சிலிருந்து பேக்கரிக்காரி பேசினாள். "எனக்கு நாளைக்கு டெஸ்ட் வேணாம் சார். அக்கா இன்னும் காலை மடக்கல."

"எந்தக் காலை?" என்றார் ஓனர்.

சொந்தப் பள்ளியில் நடப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும்தான் இன்னும் மடக்கல. அவங்க போனா நானும் போறேன் சார்" என்றார். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அக்காவிடம் கற்றவர். அவரும் கடையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அந்த அம்மாவை ஏன் அனுப்புறீங்க என்று கேட்டார். ஓனர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு வராத போனை எடுத்துக் காதில் வைத்து, ஹலோ சொல்லிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார்.

அக்கா உருகிவிட்டாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். நேரே பேக்கரிக்காரி முன்னால் போய் நின்றாள். இந்தப் புத்தி மிட்டாய் வண்டியில் ஏறும்போது எங்கே போச்சு, ஒரு உயிர் போயிருந்தா ரொட்டியைக் கொடுத்துச் சமாளிப்பியா என்று பிடிபிடியென்று பிடித்தாள். கடைசியில், வண்டில ஏறு என்றாள்.

"கால் நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். பிரேக் எங்க இருக்குன்னு தெரியுதுல்ல? ஏறு."

அன்றைக்கு அக்கா காலை மடக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மேட்டுத்தெருவில் பேக்கரிக்காரி நிறுத்தினாள், எடுத்தாள், உருண்டாள், திட்டு வாங்கினாள், மறுபடி எடுத்தாள்.

பிறகு ஒருநாள், மேட்டின் நடுவில் முன்னால் போன பஸ் நின்றது. பேக்கரிக்காரி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் பதறவில்லை. பஸ் நகர்ந்ததும் கிளட்சை மெல்ல விட்டு, இன்ஜின் இழுக்கிற இடத்துக்குக் காத்திருந்து, அப்புறம்தான் பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகாமல் ஏறியது.

அக்கா செருப்பைக் கழற்றினாள். வலது கால் சுலபமாக மடங்கியது. இடது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வலியில் பல்லைக் கடித்தாள். அந்தச் சத்தத்தில் திரும்பிய பேக்கரிக்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ரோட்டைப் பாரு" என்று கத்தினாள் அக்கா. "அழணும்னா கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, ஓரம்கட்டி அழு."

பேக்கரிக்காரி கண்ணாடியைப் பார்த்தாள். சிக்னல் போட்டாள். மேட்டிலேயே ஓரம்கட்டினாள். வண்டி நிற்கும்வரை அக்கா காலைக் கீழே இறக்கவில்லை.