தெரிந்ததைத் திரட்டிய நாட்கள்

ஒருவருக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் தெரியவைப்பதுதான் அப்போது என் வேலை. அலுவலகத்தில் அவசரத்துக்கு ஒரு தகவல் கிடைக்காமல் முழித்து நின்ற உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும். கே.கே. நகரில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனம். எந்தக் கோளாறை எப்படிச் சரிசெய்தோம் என்று எல்லாரும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், மற்றவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளி ஒரு மென்பொருள் வாங்கி, அதை என் தலையில் கட்டினார்.

காலிப் பெட்டி

முதல் மாதம் யாரும் எதையும் ஏற்றவில்லை. சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். வந்த பதில் சாயங்காலத்துக்குள் பிறந்தநாள் வாழ்த்துக்கும் சாமி படத்துக்கும் அடியில் போய்விடும். அடுத்த வாரம் வேறொருவர் அதே கேள்வியோடு வருவார்.

எங்களில் மூத்தவரான ராஜாமணி அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச அம்புட்டையும் அதுல கொட்டிட்டா, அப்புறம் என்னைய எதுக்குத் தம்பி கூப்பிடப் போறீங்க?"

கொரகொர

நானே சில குறிப்புகளை நல்ல இங்கிலீஷில் எழுதி ஏற்றினேன். எங்கள் டெக்னீஷியன் சாந்தி கோச்சடையில் ஒரு கிளினிக்கிலிருந்து போன் செய்தாள். 'கொரகொரன்னு சத்தம்' என்று தேடினாளாம், ஒன்றும் வரவில்லையாம். அந்தக் கோளாறின் முறையான பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன்.

"அண்ணே, மிஷினு கொரகொரங்குது. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு அதுகிட்டயா கேக்கச் சொல்றீங்க?"

பெட்டிக்குள் ஒரு குரல்

அன்றிலிருந்து எழுத வேண்டாம், அவரவர் பேச்சில் பேசிப் பதிந்தால் போதும், அதே பேச்சில் தேடலாம் என்று மாற்றினேன். சாந்தி தனியாகப் போய்த் தவிக்கிறாள் என்றதும் ராஜாமணி அண்ணனும் இறங்கிவந்தார். அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய், வேலை செய்தபடியே அவர் பேசியதைப் பதிந்தேன். என் உத்தியோகத்திலேயே அவைதான் நல்ல நாட்கள்.

அவர் மகள் கல்யாணத்தன்று, திருமங்கலம் கிளினிக்கில் இயந்திரம் எச்சரிக்கை மணியை நிறுத்தவே இல்லை. பஸ் பிடித்து வந்த பெரியவர் ஒருவர், முகம் வீங்கி, மூச்சு வாங்கிக் காத்திருந்தார். அண்ணன் போன் அணைந்திருக்கும் என்று அங்கே போயிருந்த சாந்திக்குத் தெரியும். 'மணி நிக்கல' என்று தேடினாள். அண்ணன் குரல் வந்தது: "போர்டைக் கழட்டாத. அந்தப் பக்கம் தண்ணியில உப்பு ஜாஸ்தி. தண்ணி உள்ள வர்ற எடத்துச் சல்லடையப் பாரு." பார்த்தாள். வெள்ளையாக அடைத்துக்கிடந்தது. கழுவி மாட்டியதும் மணி நின்றது. பெரியவரைப் படுக்கவைத்தார்கள்.

பெரியவரின் மனைவி சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம்: "போனுக்குள்ள பேசுன மகராசன் யாருத்தா? அவரு புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

மண்டபத்தில்

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் போனை உயிர்ப்பித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா சொன்னதையும் சொன்னேன். கண் கலங்கிச் சிரித்தார். பிறகு தவறிய அழைப்புச் செய்தி ஏதும் உண்டா என்று போனை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒருத்தரும் கூப்பிடலையே தம்பி… சரி, வாங்க, பந்தி போட்டாச்சு."

இப்போது நான் இருக்கும் பெரிய அலுவலகத்தில் எதைத் தேடினாலும் நொடியில் பதில் வந்துவிடுகிறது. அதை யார் சொன்னார் என்று மட்டும் போடுவதில்லை.