இலுப்பைத் தோப்பில் நின்ற தண்ணீர்

மயிலம்மாள் எனக்கு அடுத்த வீடு. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரைப் படுகையில் இருந்த நாற்பத்திரண்டு இலுப்பை மரங்களுக்கு அவள்தான் காவல். கோயில் விளக்குக்கு எண்ணெய் வேண்டுமென்று எந்தக் காலத்திலோ ஒரு குடும்பத்தார் கட்டளையாக எழுதிவைத்த தோப்பு அது. கொட்டை பொறுக்கிச் செக்குக்குக் கொடுப்பாள். ஆட்டிய எண்ணெயில் பெரும்பங்கு பெருமாளுக்கு, மிச்சம் அவளுக்கு. உயிரோடு நிற்கிற மரத்தில் கோடாலி படக் கூடாது, பட்டுப்போன மரத்தை மட்டும் ஏலம் விடலாம் என்பது அந்தக் கட்டளையின் ஏற்பாடு. புருஷன் போன பிறகு பதினாலு வருஷம் அந்த மரங்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன.

ஆடியில் கொள்ளிடம் பெருகும்போது கலங்கல் தண்ணீர் நாலைந்து நாள் தோப்புக்குள் ஏறி நிற்கும். பிறகு வடிகால் வழியாகத் தானே இறங்கிவிடும். வண்டலை விட்டுப் போகும். அதற்கு மேலும் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆறு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. இரண்டு வருஷமாகக் கொள்ளிடத்துத் தண்ணீர் தோப்பை எட்டிப் பார்க்கவில்லை. முழங்கை ஆழம் தோண்டினால் சுரக்கும் மணல் ஊற்றில், ஆள் இடுப்பளவு தோண்ட வேண்டியிருந்தது. மரங்களின் உச்சிக் கொப்புகள் காய்ந்தன. மயிலம்மாள் ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நாற்பத்திரண்டு மரத்துக்கு ஒருத்தி இடுப்புக் குடம் எந்த மூலைக்கு?

அப்போதுதான் அவள் தம்பி சின்னையா வந்தான். பாசன வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் வேலை அவனுக்கு. தாயில்லாப் பிள்ளையை இவள்தான் வளர்த்துக் கல்யாணமும் கட்டிவைத்தாள்.

"ஏன்க்கா கொடம் சொமந்து சாவுற? மதகுச் சாவி என் இடுப்புல தொங்குது. ஆத்துல இல்லேன்னாலும் வாய்க்கால்ல தண்ணி ஓடுது, நான் திருப்பி விடறேன்."

"உன் வேலைக்கு ஒண்ணும் வராதேடா?"

"யாருக்குத் தெரியப்போவுது? ஆனா வடிகாலை அடைச்சிடணும். ரெண்டு வருஷத் தாகம் நாலு நாள்ல தீருமா?"

மயிலம்மாள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச பய, இன்னைக்கு எனக்கு பகீரதனா வந்து நிக்கிறான் பாருங்க."

அவன் வடிகால் வாயில் பலகை சொருகினான். அவள் களிமண் சுமந்து வந்து சந்து சந்தாக அப்பினாள். 'கோவிந்தா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டே சுமந்தாள். நானும் இரண்டு கூடை சுமந்தேன்.

தண்ணீர் வந்தது. ஆவணி முழுக்கத் தோப்பு குளம் மாதிரி கிடந்தது. கொக்கு இறங்கியது. மயிலம்மாள் பெருமாளுக்குத் தேங்காய் உடைத்து, தம்பி வீட்டுக்கும் ஒரு மூடி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புரட்டாசியில் இலை மஞ்சளாயிற்று. இலுப்பை இலை உதிர்க்கிற மாசமில்லை அது. "தண்ணி பத்தலை போலிருக்கு" என்றாள். சின்னையா வந்து அண்ணாந்து பார்த்தான். "ஆமாக்கா, இன்னும் தாகம் அடங்கலை" என்று சொல்லி மதகை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டான்.

கார்த்திகையில் மரங்கள் மொட்டையாக நின்றன. முழங்கால் தண்ணீரில் நின்று அவள் அடிமரத்தைத் தொட்டாள். பட்டை கையோடு வந்தது. உள்ளே புளித்த கஞ்சி நாற்றம்.

அந்த வாரம் திருச்சி கோட்டைப் பக்கத்து மரக்கடை ஜெகபர் அலி வந்தார். கரைமேல் இருந்தே மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், எங்க மரத்தை எண்ணுறீங்க?"

"ஏலத்துக்கு முன்னாடி ஒருதரம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேம்மா. இந்த வருஷம் இங்க பட்ட மரம் நாப்பது வரும்னு சின்னையா சொல்லி, தரகுக்கு முன்பணமும் வாங்கியிருந்தாரே."

"எப்பச் சொன்னான்?"

"சித்திரையில."

சித்திரையில் கொஞ்சமானாலும் அத்தனை மரமும் பூத்திருந்தது. கீழே உதிர்ந்த பூவை நானே பொறுக்கித் தின்றிருக்கிறேன். ஜெகபர் அலி எங்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தண்ணீரைப் பார்த்தார், அடைத்த வடிகாலைப் பார்த்தார். "யா அல்லா, எனக்கு இது தெரியாதும்மா. எனக்கு இந்த மரமே வேணாம்" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மயிலம்மாள் இறங்கிப் பலகையைப் பிடுங்கினாள். அவளே அப்பிய மண் சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. நகம் பெயர்ந்தது. கறுத்த தண்ணீர் இரண்டு நாள் ஓடி வடிந்தது.

வடிந்த அன்று சாயங்காலம் தம்பி வந்தான்.

"சித்திரையிலேயே வித்துட்டியாடா?"

"கொள்ளிடம் இனிமே முன்ன மாதிரி வராதுக்கா. இன்னைக்கு இல்லேன்னாலும் பட்டுப்போற மரம்தான். உனக்கும் ஒரு பங்கு எடுத்து வெச்சிருக்கேன்."

"அது கெடக்குது. என்னை ஏண்டா மண்ணு சொமக்கச் சொன்ன? வேற ஆளு கெடைக்கலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ சொமந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கக்கா."

அவள் அடிக்கவில்லை, சபிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள். எனக்கு அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

தை மாசம், கட்டளைச் சொத்தை மேற்பார்க்கும் மணியக்காரர் பார்வையிட வந்தார். முப்பத்தைந்து மரம் 'மழை, ஆற்றுநீர் இன்மையால் தானாகப் பட்டவை' என்று எழுதியிருந்த காகிதத்தில் காவல்காரி கைநாட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஏலம். சின்னையா பின்னாலேயே நின்றான். "அக்கா, எனக்கு நாலு பொட்டப் புள்ளைங்கக்கா" என்று அவள் காதருகே சொன்னது எனக்குக் கேட்டது.

மயிலம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். மை தடவினார்கள். அப்புறம் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இது தானா பட்டதில்லைங்க. மூணு மாசம் தண்ணியத் தேக்கிக் கொன்னது. மண்ணு சொமந்தது நான். சொன்னது என் தம்பி."

"யோசிச்சுப் பேசும்மா. உன் காவலும் போயிடும்" என்றார் மணியக்காரர்.

"போவட்டுங்க."

இருவர் வேலையும் போயிற்று. ஏலம் நின்றது. பட்ட மரங்கள் வெட்டுவாரின்றி நின்று, அடுத்த காற்றில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மேட்டில் தண்ணீர் ஏறாத ஏழு மட்டும் துளிர்த்தன. சின்னையா மாமனார் ஊரான மணப்பாறைக்குக் குடும்பத்தோடு போய்விட்டான்.

தெருவில் யாரும் அவனை ஏசவில்லை. குழாயடியில் இவளைத்தான் சொன்னார்கள். "கூடப் பொறந்தவனையே காட்டிக் குடுத்த மவராசி வர்றா, வழி விடுங்கடி."

எனக்கே ஒருநாள் மனம் கேட்கவில்லை. "பேசாம கைநாட்டு வெச்சிருக்கலாமோ மயிலு?" என்றேன்.

"வெச்சிருந்தா பழி ஆத்து மேல போயிருக்கும். ஆறு என்ன பண்ணுச்சு பாவம்?"

இப்போது அவளும் என்னோடு துளசி கட்டி விற்கிறாள். திருச்சி சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் நடப்போம். கண்டக்டர் 'மணப்பாறை, மணப்பாறை' என்று கூவும்போது அவள் கால் ஒரு நிமிஷம் நிற்கும். நான் பார்க்காத மாதிரி முன்னால் போவேன். பிறகு கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்துகொள்வாள்.