கதவுக்குப் பின்னால் இருந்த மிலார்

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் கவாத்து வந்துவிட்டால் விறகுக்குக் கவலை இல்லை. கவாத்தில் தேயிலைச் செடியிலிருந்து வெட்டிப் போட்ட மிலார்க் குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வருவோம். அதில் வளைந்து கொடுக்கிற ஒன்றை மட்டும் உருவிக் கதவுக்குப் பின்னால் வைப்பது வழக்கம். அது அடுப்புக்கு அல்ல, பிள்ளைகளுக்கு. என் அம்மா வைத்தாள், நானும் வைத்தேன். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். அந்த மிலாரை என் மகள் நன்றாக அறிவாள்.

அவள் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரையும் அழைத்துச் சட்டம் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். பெண் வக்கீல் ஒருவர் வந்து விளக்கினார். ஆசிரியர் அடிக்கக் கூடாது, சட்டமே தடுக்கிறது. பெற்றோர் காயப்படுத்தினால் வழக்கு வரும்; ஆனால் வீட்டில் ஒரு அடியும் கூடாதென்று நேராகச் சொல்லும் சட்டம் இன்னும் வரவில்லை என்றார். அம்மாக்கள் பக்கம் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. பொய் சொல்வானேன், நானும்தான் விட்டேன்.

பிள்ளைகள் வரிசையில் என் மகள் எழுந்தாள்.

"ஏனுங்க மேடம், அப்ப ஊட்ல அடிச்சா யாருங்க தடுப்பாங்க?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முகம் எரிந்தது. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கிறது என்றுதான் முதலில் கறுவினேன். அவளோ உட்காரவில்லை. பதிலுக்காக வக்கீலையே பார்த்து நின்றாள். அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இந்த வயதுவரை தைரியம் வந்ததில்லை. என் வயிற்றில் பிறந்தவளா இவள் என்று பெருமை பொங்கியது. வக்கீல் பதில் தேடுவதற்குள் நானே எழுந்துவிட்டேன்.

"நான் தடுக்கறேனுங்க."

சொல்வது சுலபம். அடுத்த வாரமே, கொழுந்து பறித்து நனைந்து வந்து பார்த்தால் சோறு அடிப்பிடித்துக் கிடந்தது. கை தானாகக் கதவுப் பக்கம் போனது. முன்பெல்லாம் அதற்கே தோளைக் குறுக்கிக்கொண்டு, "நான் இல்லம்மா" என்பாள். அன்று நிமிர்ந்து நின்றாள்.

"நாந்தாம்மா. வெளையாடப் போயிட்டேன்."

கதவுக்குப் பின்னால் துழாவினேன். ஒன்றும் இல்லை.

"அதையும் ஒடிச்சு அடுப்புல வெச்சுட்டேம்மா. நீதான் தடுக்கறேன்னு சொல்லிட்டியே, அப்புறம் அது எதுக்கு?"

என் வாக்கை அவள் அவ்வளவு நம்பியிருந்தாள். சோறு முழுக்கத் தீய்ந்த வாடை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.