கொட்டம்பா இலையும் கனடாச் சிவப்பும்

ஒக்டோபர் பிறந்தால் எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிடும். கனடாவில் இருக்கும் தங்கை அந்த மாதத்தில்தான் தன் வீட்டு வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்தைப் படமெடுத்து அனுப்புவாள். முதல் வாரம் ஓரத்தில் மட்டும் மஞ்சள். அடுத்த வாரம் பாதி மரம் சிவப்பு. அதற்கும் அடுத்த வாரம் மரம் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியது போல இருக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு வாயைப் பிளப்பார்கள். நானும் ஒரு இதயம் போட்டுவிடுவேன். போடாவிட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், ஆனால் அதை அவர்கள் ஏன் சொல்ல வேண்டும்?

படத்தைவிட அம்மாதான் என்னை அதிகம் எரித்தாள். போனைத் தூக்கிக்கொண்டு கோயிலில் காட்டுவாள், எதிர்வீட்டில் காட்டுவாள், பிரஷர் மருந்து எடுக்கப் போகும் கிளினிக் வரிசையிலும் காட்டுவாள். "எஞ் சின்ன மக வீட்டு மரம். எப்பிடி செவந்து நிக்குது பாருங்க." அந்தக் கிளினிக்குக்கு அரைநாள் லீவு போட்டு அவளைக் கூட்டிப்போவது நான். பக்கத்தில் இருப்பவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டால், "இவ மூத்தவ, கூட இருக்கா" என்பாள். அவ்வளவுதான். உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள். என்னுடையது என்று எதையும் அம்மா ஒருவருக்கும் காட்டியதில்லை.

எங்கள் வாசலிலும் ஒரு மரம் நிற்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், ஆற்றுப் பக்கம் இறங்கும் சின்ன ஒழுங்கையில் எங்கள் வீடு. மரம் கொட்டம்பா. புத்தகத்தில் வாதுமை என்று போடுவார்கள். இங்கே கொட்டம்பா என்றால்தான் விளங்கும். தை கழிந்தால் அதுவும் சிவக்கும். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், செம்மண் நிறம் எல்லாம் இருக்கும், நரம்போரத்தில் மாதுளை நிறம். தங்கை வீட்டு இலை உள்ளங்கை அளவு. எங்கள் இலையில் ஒரு பிடி சோறு வைத்துச் சாப்பிடலாம்.

ஆனால் அந்த அழகை யார் பார்த்தார்கள்? அம்மா விடியுமுன்னே எழுந்து ஈர்க்கு விளக்குமாற்றால் வாசலைக் கூட்டிவிடுவாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகுதான் வாயில் தேத்தண்ணீர் படும். "இந்தச் சனியன வெட்டிப் போட்டாத்தான் எம் முதுகு நிமிரும்" என்று மரத்தைத் தினமும் திட்டுவாள். அங்கே உதிர்ந்தால் அழகு, இங்கே உதிர்ந்தால் குப்பை.

போன மாசியில் அம்மா நாலு நாள் தங்கிவர பிலிமத்தலாவைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வரும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

மூன்று நாள் இலைகள் விழுந்தன. போதாதென்று கொக்கத்தடியை எடுத்துக் கிளையை உலுப்பினேன். காய்ந்து கறுத்தவற்றைப் பொறுக்கி வேலியோரம் எறிந்தேன். சிவப்பை எல்லாம் வெயில் விழும் பக்கம் பரப்பினேன். நாற்பத்தைந்து வயதில், வேலைக்குப் போகும் ஒருத்தி செய்கிற காரியமா இது? செய்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், வேலியடியில் நின்று தயங்கினார். "என்ன புள்ள, ரெண்டு மூணு நாளா வாசல் கூட்டாம ஈக்குது. அம்மாக்கு ஏதும் சொகமில்லயா?"

"அம்மா அண்ணன் வீட்டுல இருக்காங்க, ராத்தா" என்று சிரித்தேன். அவர் கேட்டது எதற்கென்று அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை வெயில் சாய்வாக விழுந்தபோது படம் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கம்பளம் விரித்தது போல இருந்தது. 'எங்கள் வாசல்' என்று எழுதி அனுப்பினேன். தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே புகழ்ச்சிக்குக் காத்திருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் தங்கை அழைத்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலியே. ஏன்?"

"வாச கூட்டாம கெடக்கு. அம்மா போனும் ரெண்டு நாளா அடிக்க மாட்டேங்குது. மறைக்காதக்கா. எல்லாம் முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருக்கீங்களா?"

எங்கள் ஆட்கள் சாவு வீட்டு வாசலை, உடலை எடுக்கும்வரை கூட்டுவதில்லை. அது எனக்குத் தெரியாததா? பொறாமையில் மறந்துபோனேன். அப்பா போனபோது தங்கை நிறைமாதம். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் அவளிடம் சொன்னோம். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை, சார்ஜர் இங்கேதான் கிடக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. அண்ணனுக்கு எடுத்து, அம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் அழுகை நின்றதாம்.

பத்து மணிக்கு அம்மா வந்து இறங்கினாள். கண்டிக்கு வந்து, அங்கிருந்து கட்டுகஸ்தோட்டை பஸ் பிடித்து வந்த மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"நா செத்துட்டேன்னு ஊருக்கே சொல்லிட்டியாடி? வாச குப்பையா கெடக்குன்னு கனடாவுல இருந்து சொல்ல வேண்டியிருக்கு!"

"ஒரு தடவ பாரும்மா, எவ்வளவு அழகா இருக்கு."

அவள் பார்க்கவில்லை. பையை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

அப்போது தங்கை வீடியோவில் வந்தாள். அங்கே நடுச்சாமம் ஆகியும் படுக்கவில்லை. "போன அம்மா பக்கம் திருப்புக்கா" என்றாள். திருப்பினேன். அம்மா குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நான் மூன்று நாள் சேர்த்த சிவப்பெல்லாம் சரக் சரக்கென்று குவியலுக்குப் போனது. தங்கை இலையைப் பார்க்கவில்லை. "போதுமா?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் காட்டுக்கா. நீ தெனமும் பாக்குறதான" என்றாள்.

உதட்டை இறுக்கிக்கொண்டு அவள் பார்த்த அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஒக்டோபர் மாதத்தில் என் முகம் அப்படித்தான் இருக்கும். என் வீட்டில் அவள் பொறாமைப்பட ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷமே கூச்சமாகவும் இருந்தது.

பாதி வாசலில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். விளக்குமாற்றை என் கையில் திணித்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். நான் குனிந்தேன். அம்மா போனை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"இந்தா பாரு, ஒங்க அக்கா கூட்டுற லட்சணத்த. இவ்வளவு வயசாயும் வெளக்குமாறு புடிக்கத் தெரியல."

போனுக்குள்ளிருந்து தங்கை சிரித்தாள். அம்மா இன்னும் கிட்ட வந்து, கிளினிக் வரிசையில் மரத்தைக் காட்டுவது போலவே, என் முகம் தெரிகிற மாதிரி காட்டினாள்.

நான் மெதுவாகவே கூட்டினேன்.