நாற்பத்து மூன்று அடித்தல்கள்

அம்மா மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். மாத்திரையை எடைபோடுவாள், நீரில் எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்ப்பாள், வந்த எண்ணைப் பதிவுத் தாளில் எழுதுவாள். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. மேலே ஒற்றைக்கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, அன்றைய தேதி. கூடத்தில் அவளுக்குப் பெயரே 'கோடக்கா'.

இருபத்திரண்டாவது வருடம் கம்பெனி கைமாறியது. இரண்டு கூடங்களை ஒன்றாக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒன்பது பேரில் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். யார் என்று பார்க்க வந்த ஆலோசகர்கள் ஒரு மாத்திரையைக்கூடத் தொட்டவர்கள் இல்லை. ஓராண்டுத் தாள்களைப் புரட்டி அடித்தல்களை எண்ணினார்கள். அடித்தல் என்றால் பிழை. பிழை அதிகமானவர் வெளியே.

முதல் சுற்றில் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. பக்கத்து மேசைக்காரருக்குப் பூஜ்யம். பிழை வந்தால் தாளையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிற ஆசாமி. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"பாத்தீங்களாக்கா, நான் எவ்வளவு சுத்தம்!"

"ஆமா தம்பி. உன் குப்பைத்தொட்டிதான் கொஞ்சம் அழுக்கு."

மேற்பார்வை பார்க்கும் பெண் அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வெற்றுத் தாள் கட்டு ஒன்றை நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணுவாங்கக்கா. அடிச்ச பக்கத்தை மட்டும் புதுசா எழுதிடுங்க, பழைய தேதி போட்டு. நான் எதையும் பாக்கலை."

அம்மா யோசித்தாள். அப்பாவுக்கு வேலை இல்லை. எனக்குக் கல்லூரி இன்னும் இரண்டு வருடம். வாங்கிக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். முதல் பக்கம் சுத்தம். இரண்டாவதும். மூன்றாவதில் 250.4 என்பதை 254.0 என்று எழுதிவிட்டாள். கை நிற்கவில்லை. ஒற்றைக்கோடு இழுத்தது, சரியான எண்ணை எழுதியது, கையெழுத்திட்டது, தேதியும் போட்டது. பதினொரு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் இன்றைய தேதி. தன் திருட்டுக்குத் தானே சாட்சிக் கையெழுத்து.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரு தாள்தானேக்கா கெட்டுச்சு? வேற தரேன்."

"இன்னும் நாற்பது பக்கம் இருக்கும்மா. என் கையை நம்பி நீ மாட்டிக்காதே."

"அப்ப நீங்க?"

அம்மா மேசைக்குத் திரும்பி அடுத்த மாத்திரையை எடைபோட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பெண்ணே பட்டியலோடு வந்து மேசையருகே நின்றாள். வெளியேறும் ஐவரில் அம்மா முதலாவது. அம்மா படித்துவிட்டுத் தலையசைத்தாள். நீருக்குள் சுழலும் மாத்திரையைப் பார்த்தாள்.

"இன்னும் இருபது நிமிஷம் இரும்மா. இது கரையட்டும்."

அந்தப் பெண் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.