நாலரை கியரில் நோரீன் பேசியது

இண்டியானா மாநிலத்து ஊரான கோகோமோவின் கார் உதிரிபாகக் கடையில் வெண்டெல் க்ராட்சர் கவுண்டருக்குப் பின்னால் நின்ற இத்தனை வருஷத்தில், பின் அச்சில் மாட்டும் கிரவுன் பினியன் கியர் கேட்டு வந்தவர்களில் ஒருவன்கூட உண்மை பேசியதில்லை.

"வண்டி எங்க ஓடப்போவுது?" என்று கேட்பார்.

"ரேஸ்லதாண்ணே."

"வேலைக்கு எதுல போற?"

"அதுவும் இதுலதான்."

"மாமியார் வீட்டுக்கு?"

வந்தவன் தலையைச் சொறிவான். வெண்டெல் மறுபேச்சில்லாமல் மூன்றரையை எடுத்து வைப்பார். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. எண் கூடினால் சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி பாயும்; ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். எண் குறைந்தால் நெடுஞ்சாலையில் பூனை மாதிரி போகும். சிக்னலில் பள்ளிக்கூட பஸ்கூட முந்திவிடும். "ஒரு சிக்னல் வீரத்துக்காக ஆயுசுக்கும் காதைக் கெடுத்துக்காதே" என்று புத்தி சொல்லித்தான் அனுப்புவார்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். அவருடைய சொந்த நோவா காரில் இருந்தது நாலரைக்கும் மேலே. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பந்தயத்தில் பர்கர் கடை வாசலிலிருந்து கிளம்பினால் முதல் சிக்னலில் அவரை முந்தியவன் ஊரில் கிடையாது. முடிவெட்டும் டெல்மர் தன் மஸ்டாங் காரோடு ஆறு கோடைகாலமாக முயன்று, ஆறு கோடையும் வெண்டெலின் புகையைத்தான் சுவாசித்தான்.

அவர் மனைவி நோரீன் வீட்டில் அதிகம் பேசமாட்டாள். கதவைச் சாத்து, உருளைக்கிழங்கு வெந்துவிட்டது, இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஜூலையும் மிஷிகனில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு அந்த நோவாவில் போவார்கள். நெடுஞ்சாலை ஏறி எஞ்சின் அலறத் தொடங்கியதும் நோரீனும் தொடங்குவாள். உதடு ஓயாது. சிரிப்பாள், கண்ணாடியைப் பார்த்து விரலை ஆட்டுவாள். வெண்டெலுக்கு ஒரு சொல்லும் கேட்காது. நல்ல புருஷனாகத் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார்.

போன ஜூலையில் பேசிக்கொண்டே வந்தவள் அழுதாள். அவர் அப்போதும் தலையாட்டினார். ஆட்டிய பிறகு எதற்கு அழுதாய் என்று எந்த மூஞ்சியோடு கேட்பது? ஆனால் அந்த அழுகை அவரைவிட்டுப் போகவில்லை. அவளுக்கு ஏதாவது நோயா, தான் ஏதாவது செய்துவிட்டோமா என்று வருஷம் முழுக்க உள்ளுக்குள் அரித்தது. அடுத்த பயணத்தில் அவள் பேசுவதைக் கேட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார்.

அதனால் ஊரில் யாரும் நம்பமாட்டாத காரியத்தைச் செய்தார். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு குடும்பக் காரின் பின் அச்சை முழுசாகக் கழற்றி வந்து நோவாவில் மாட்டினார். விகிதம் மூன்றுக்குச் சற்று மேலே. பாதிரியார் ஓட்டவேண்டிய வண்டி.

அந்த வெள்ளிக்கிழமை பச்சை விழுந்தது. மஸ்டாங் போயே போய்விட்டது. டெல்மர் அடுத்த சிக்னலில் காத்திருந்து கண்ணாடியை இறக்கினான்.

"என்னய்யா, ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்துட்டியா?"

"மூணு போட்டிருக்கேன்."

டெல்மரின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா, வெண்டெல்?" என்று தணிந்த குரலில் கேட்டான். கேலியைவிட அந்தப் பரிவுதான் வெண்டெலைச் சுட்டது. பரவாயில்லை, நோரீனுக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஜூலை வந்தது. கார் நெடுஞ்சாலை ஏறியது. டயர் உருளும் சத்தம்கூடக் கேட்டது. நோரீன் வாயைத் திறந்தாள், அவரைத் திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"உனக்காக கியரை மாத்திட்டேன். இனிமே நீ பேசறதெல்லாம் எனக்குக் கேக்கும்."

"ஓ," என்றாள் அவள். இண்டியானா எல்லை வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. மிஷிகனுக்குள் நுழைந்ததும் வெண்டெல், "மக்காச்சோளம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். "ம்" என்றாள்.

கொஞ்ச தூரத்தில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது.

"எவ்வளவு வேகத்துல வந்தீங்க தெரியுமா சார்?" என்றான் போலீஸ்காரன்.

"சட்டம் சொல்ற அம்பத்தஞ்சு மைல். மீட்டர் முள்ளும் அங்கதான் நின்னுது."

"எண்பத்தொண்ணு."

வெண்டெலுக்கு அப்போதுதான் உறைத்தது. பின் அச்சை மாற்றினால் வேகமானியை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும். கியர் வாங்க வரும் ஒவ்வொருவனிடமும் அவர் ஓதுகிற மந்திரம் அது. இத்தனை நாளும் எஞ்சின் கத்துவதை வைத்தே வேகம் அறிந்த மனிதர்; சத்தம் நின்றதும் அவருக்குக் கண்ணும் போய்விட்டது.

"என்ன தொழில் சார்?"

"கார் உதிரிபாகம்..." குரல் இறங்கியது. "கியர் விக்கறேன்."

போலீஸ்காரன் மிகுந்த மகிழ்ச்சியோடு அபராதச் சீட்டு எழுதினான். நோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் போன பிறகும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பழசைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"கராஜ்ல கிடக்கு."

"அதையே மாட்டிடு."

"நோரீன், நீ பேசறதைக் கேக்கணும்னுதானே ஊர் முன்னாடி மானத்தை விட்டேன்!"

"கேக்கற ஆள்கிட்ட சொல்ற விஷயமா இருந்தா வீட்லயே சொல்லியிருக்க மாட்டேனா?"

வெண்டெல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "போன வருஷம் அழுதியே. எதுக்கு?"

"நான் அக்கா வீட்லயே தங்கிடட்டுமா, உன்கூட திரும்பி வரவேணாம்னு தோணுதுன்னேன். நீ சரின்னு தலையாட்டின."

"ஐயோ!"

"கொஞ்ச தூரம் போனப்புறம், சரி போ, வந்து தொலைக்கறேன்னேன். அதுக்கும் தலையாட்டின."

ஊர் திரும்பியதும் நாலரை மறுபடி ஏறியது. வெள்ளிக்கிழமை டெல்மர் பழையபடி புகை குடித்தான். வெண்டெலுக்கு உடம்பு தேறிவிட்டது என்று அவனே ஊரெல்லாம் சொன்னான்.

அடுத்த ஜூலையில் எஞ்சின் அலற, நோரீன் பேசத் தொடங்கினாள். வெண்டெலின் தலை பழக்கத்தில் பாதி ஆடி, நடுவில் நின்றது. எதற்குச் சரி சொல்கிறோமோ என்று பயந்தார். மெல்ல ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சத்தம் தணிந்தது. நோரீன் சட்டென்று வாயை மூடி, அவர் முழங்காலைத் தட்டி, முன்னால் கையைக் காட்டினாள்.

"மிதி," என்றாள்.

வெண்டெல் மிதித்தார்.