பிட்டு உருண்டைக்குக் கூட்டம் சேர்த்தவர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் மாலை வண்டிகள் விளக்கேற்றி நிற்கின்றன. கொத்து ரொட்டி வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். கடைசி வண்டியில் ஓர் இளம்பெண், பிட்டுக்குள் இறாலும் சீஸும் வைத்து உருட்டிப் பொரிக்கிறாள். மேலே மயோனைஸ் வேறு. இன்றுதான் முதல் நாளாம். போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், கொத்துக்கே போய்விடுகிறார்கள்.

அவளிடம் வாங்கி நின்று தின்கிற ஒரே ஆள், இடுப்பில் சாரம் கட்டிய ஒருவர். "என்ன ருசி! இன்னொண்டு தாங்க தங்கச்சி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். அந்தக் குரலை நம்பி நானும் ஒன்று வாங்குகிறேன். மொறுமொறுப்பு நன்றாகவே இருக்கிறது. மயோனைஸ்தான் கொஞ்சம் அதிகம்.

சட்டியில் எண்ணெய் குறைகிறது. அவரே குனிந்து, வண்டிக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்து ஊற்றுகிறார்.

"உங்க வண்டியா?" என்கிறேன்.

"மெல்லமாக் கதையுங்க. அவ என்ட பொஞ்சாதி. தங்கச்சி எண்டு கூப்பிட்டதுக்கு வீட்ட போனா எனக்கு நல்ல ஏச்சு இரிக்கி." வயிற்றைத் தடவிக்கொள்கிறார். "பின்னேரத்தில இருந்து நான்தான் திண்டுகொண்டு நிக்கிறன். இனி ஏலாது."

அப்போது பார்த்து ஒரு குடும்பம் வண்டியருகே தயங்கி நிற்கிறது. அவர் அடுத்த உருண்டையை வாய்வரை கொண்டுபோகிறார், முடியவில்லை. என்னைப் பார்க்கிறார்.

நான் தட்டை நீட்டுகிறேன். "தங்கச்சி, இன்னும் ரெண்டு குடுங்க! இந்த மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல!"

குடும்பம் கிட்டே வருகிறது. "எங்களுக்கும் போடுங்க," என்கிறார் தகப்பன். அவள் அவசரமாகத் தட்டுகளைத் துடைக்கிறாள்.

அவள் கணவர் வாவிப் பக்கம் திரும்பி நின்று, சாரத்தை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிக்கொள்கிறார்.